வனவிலங்கு இடங்கள் பதித்த வண்ண வெள்ளிக் காசுகள்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை என்று எங்கே காசு சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. "கலர்க் காசு எண்டா என்ன? வெள்ளிக்கு மேல பெயின்ட் அடிச்சதா?"

ஓம், ஆனால் தூரிகையால் அடிப்பதில்லை. முதலில் வெற்று வெள்ளி வட்டில் அச்சால் உருவத்தைப் பதிக்கிறார்கள். நிறம் அதற்குப் பிறகுதான். பல நாணயச்சாலைகளில் மெதுமையான சிலிக்கோன் திண்டு ஒன்று, செதுக்கிய தகட்டிலிருந்து மையை எடுத்துக் காசின் மேல் ஒற்றும். ஒரு நிறத்துக்கு ஓர் ஒற்றல் என்ற கணக்கு. புதியவற்றில் டிஜிட்டல் அச்சும், புறஊதா ஒளியில் இறுகும் மையும் வந்துவிட்டன. விலை கூடிய சிலவற்றில் எனாமல் இடுவார்கள்.

நவீன வண்ணக் காசுகளின் வரிசையைப் பொதுவாக 1992இல் பலாவு என்ற பசிபிக் தீவு நாடு வெளியிட்ட கடல்வாழ் உயிரினப் பாதுகாப்புக் காசிலிருந்து எண்ணுவார்கள். புழக்கத்துக்கே விட்ட முதல் வண்ணக் காசு கனடாவினது. 2004இல் வந்த, சிவப்புப் பொப்பி மலர் போட்ட 25 சதம் அது. அதில் வெள்ளி இல்லை. நாம் பேசப்போகிறவற்றில் 999 அல்லது 925 தரத்து (ஆயிரம் பங்கில் அத்தனை பங்கு) வெள்ளி இருக்கும். எடை பெரும்பாலும் ஒரு ட்ரோய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். சமையல் அவுன்ஸ் 28.35 கிராம்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு "எடை கூட இருக்கே" என்று சந்தோசப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. "அதில ரெண்டு டொலர் எண்டு போட்டிருக்கே, அங்க போனா அதைக் குடுத்துச் சாமான் வாங்கலாமோ?"

சட்டப்படி வெளியிட்ட நாட்டில் அது செல்லுபடியாகும் பணம். ஆனால் இரண்டு டொலர் என்று போட்ட காசுக்குள் அதைவிடப் பல மடங்கு பெறுமதியான வெள்ளி இருக்கும்போது யார் அதைக் கொடுத்துப் பாண் வாங்குவார்கள்? முகப் பெறுமதி பெயருக்குத்தான். அரசொன்றின் அனுமதியோடு வந்த காசு, தனியார் அடித்த வெறும் பதக்கம் அல்ல என்பதைக் காட்டுவதே அதன் வேலை. கொழும்பில் எந்த வங்கியும் அதை மாற்றித் தராது.

3. "எல்லாரும் யானைக் காசு, புலிக் காசு எண்டு சேர்க்கினம். நீங்கள் ஏன் இடம், இடம் எண்டு சொல்லுறியள்?"

விலங்கை வைத்துச் சேர்த்தால் முடிவே இராது. ஒவ்வோர் ஆண்டும் சிங்கம் போட்ட காசு எத்தனை வருகிறது என்று எண்ண முடியாது. இடத்தை வைத்துச் சேர்த்தால் தேர்வு தானாகக் குறுகும். இந்தக் காடு எங்கே இருக்கிறது, அங்கே என்ன வாழ்கிறது, காசை வெளியிட்ட நாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று மூன்று கேள்வி கேட்டாலே பாதிக் காசுகள் கழிந்துவிடும்.

சில எடுத்துக்காட்டுகள். ருவாண்டா 2008இல் தன் ஆபிரிக்க அவுன்ஸ் வரிசையைக் கொரில்லாவோடு தொடங்கியது. மலைக் கொரில்லாக்கள் வாழும் விருங்கா எரிமலைத் தொடரில் ஒரு பகுதி அந்த நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. காசும் நாடும் விலங்கும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அவுஸ்திரேலியாவின் பேர்த் நாணயச்சாலை 2009இல் தொடங்கிய கடல்வாழ் உயிரின வரிசையில் பவளப்பாறை உயிர்கள் அரை அவுன்ஸ் வெள்ளியில் முழு நிறத்தோடு வந்தன. நிறம் இல்லாவிட்டால் கோமாளி மீனில் என்ன இருக்கிறது? பவளப்பாறைக்கு வண்ணம் தேவை. யானைக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். சாம்பல் நிற விலங்குக்கு வெள்ளியே போதும், பின்னால் ஒரு செம்மஞ்சள் சூரியனைத் தீட்டி விற்பது கண்ணைப் பறிக்கத்தான்.

அமெரிக்கா 2010 முதல் 2021 வரை தேசியப் பூங்காக்களையும் காப்பிடங்களையும் வைத்து 56 கால் டொலர் காசுகள் அடித்தது. யெலோஸ்ரோன், எவர்கிளேட்ஸ் எல்லாம் அதில் உண்டு. இடத்தை மையமாக வைத்த வரிசை என்றால் இதைவிட நேரடியானது கிடைக்காது. நிற விசயத்தில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது, 6ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

மறுபுறம் சோமாலியா யானை. 2004 முதல் சோமாலியாவின் பெயரில் வருகிறது, அதற்கு முன் அதே வரிசை சம்பியாவின் பெயரில் வந்தது. அடிப்பது ஜேர்மனியின் பவேரிய அரச நாணயச்சாலை. ஆண்டுதோறும் படம் மாறும், வேலைப்பாடு அருமை, வண்ணப் பதிப்பும் உண்டு. ஆனால் அந்த யானை எந்தக் காட்டில் நிற்கிறது என்று காசு சொல்லாது. விலங்குச் சேகரிப்புக்கு நல்ல காசு. இடச் சேகரிப்பில் நான் அதற்கு இடம் கொடுப்பதில்லை. பசிபிக் தீவொன்றின் பெயரில் ஆபிரிக்கச் சிறுத்தை வரும் காசுகளுக்கும் இதே பதில்தான்.

4. "எங்கட நாட்டு யானை, எங்கட காடு போட்ட வெள்ளிக் காசு இல்லையா சேர்?"

யானை உண்டு, பழையது. பிரித்தானியர் காலத்தில் 1803 முதல் கொழும்பிலேயே அடிக்கப்பட்ட தடித்த வெள்ளித் துட்டுகளில் யானை நிற்கிறது. 1815இன் செப்புக் காசிலும் 1821இன் வெள்ளி றிக்ஸ் டொலரிலும் அதே யானைதான். நிறமும் இல்லை, காடும் இல்லை. ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு யானைக் காசு சேர்ப்பவர் 1821 றிக்ஸ் டொலரை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தைய பொருட்கள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறேன் என்று பொதியில் போட்டுவிடாதீர்கள். தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

மத்திய வங்கியின் நினைவுக் காசுகள் 1957இல் புத்த ஜயந்தியோடு தொடங்கின. அந்த 5 ரூபா 925 தர வெள்ளி, 28.28 கிராம். அதன் பின் வந்த வெள்ளிக் காசுகளில் பல சுதந்திரம், வங்கி ஆண்டு நிறைவு, கிரிக்கெட் போன்றவற்றுக்கு. கோட்டை சதாம் வீதியில் உள்ள சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்தில் மத்திய வங்கியின் நூதனசாலை இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் வரிசை முழுவதும் விளங்கும்.

நம் காட்டைத் தேடினால் காசை விடுத்து நோட்டுக்குப் போங்கள். 1979இல் வந்த நோட்டு வரிசை முழுக்க இலங்கையின் விலங்கும் தாவரமும்தான், ஓவியர் லக்கி சேனநாயக்கவின் கைவண்ணம். 2010 வரிசையின் முன்புறத்தில் பறவைகளும் வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. 20 ரூபா நோட்டில் இருக்கும் சிறிய ஆந்தை இலங்கைக்கே உரியது, 2004இல்தான் அறிவியலில் புதிய இனமாகப் பதிவானது. சிங்கராஜ பக்கத்து மழைக்காட்டுப் பறவை அது. பஸ் கொண்டக்டர் மிச்சமாகத் தருகிற நோட்டில் இருக்கிறது, வெள்ளிக் காசில் இல்லை.

5. "உண்மையான வெள்ளியா, முலாம் பூசினதா எண்டு வீட்டில எப்பிடிப் பார்க்கிறது?"

முதலில் விளம்பரத்தை வாசியுங்கள். 'சில்வர் பிளேட்டட்', 'சில்வர் லேயர்ட்', 'சில்வர் டோன்', 'ஜேர்மன் சில்வர்' என்று எது போட்டிருந்தாலும் அது வெள்ளிக் காசு அல்ல. ஜேர்மன் சில்வரில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான் இருக்கும். சுற்றுலாக் கடைகளில் 'வைல்ட்லைப் கலெக்‌ஷன்' என்று மரப்பெட்டியில் வரும் வண்ண வட்டுகளில் கனபேர் ஏமாறுகிறார்கள். காசில் நாட்டின் பெயரும் முகப் பெறுமதியும் இல்லையென்றால் அது பதக்கம்.

அடுத்தது எடையும் அளவும். நகைத் தராசும் விட்டமும் தடிப்பும் அளக்கும் வேர்னியரும் போதும். சோமாலியா யானை ஒரு அவுன்ஸ் 39 மில்லிமீற்றர், கனடாவின் மேப்பிள் இலை 38, அமெரிக்கக் கழுகு (ஈகிள்) 40.6. எடை சரியாக இருந்து விட்டமும் சரியாக இருந்தால், போலிக்காரன் தடிப்பில் மாட்டுவான். செம்பு-நிக்கல் கலவை வெள்ளியை விட இலேசு, அதே எடைக்குக் காசு தடித்துப் போகும். காந்தம் வைத்துப் பார்ப்பது இரும்பு போன்ற, காந்தத்தில் ஒட்டும் உலோகங்களை மட்டும் காட்டிக்கொடுக்கும். ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது.

தண்ணீர்ச் சோதனை நம்பகமானது. தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் தொடாமல் அமிழ்த்தினால், தூய வெள்ளி ஒரு அவுன்ஸுக்குத் தராசு ஏறக்குறைய 2.96 கிராம் காட்டும். செம்பு-நிக்கல் என்றால் 3.5 அளவு வரும். ஆனால் கண்ணாடிபோல் மினுங்கும் ப்ரூஃப் காசை இதற்காகக் கூட்டிலிருந்து எடுக்காதீர்கள். தண்ணீர்க் கறை போகாது. நகைக்கடையில் கரட் பார்க்கும் மெசினில் வைத்தால் நிறமில்லாத பக்கத்தை வைக்கச் சொல்லுங்கள். அது மேற்பரப்பை மட்டும் படிப்பது, தடித்த முலாத்தையும் வெள்ளி என்றே சொல்லக்கூடும். உரைகல்லில் உரைக்க விடவே விடாதீர்கள்.

6. "அமெரிக்கன் ஈகிள் கலர்ல வாங்கினன். பெட்டி வேற மாதிரி இருக்கு. டூப்ளிகேட்டா?"

காசு உண்மையானதாகவே இருக்கலாம். நிறம்தான் வேறு யாரோ போட்டது. சாதாரண வெள்ளிக் காசுகளை மொத்தமாக வாங்கி, மேலே நிறம் அச்சிட்டு, புதிய பெட்டியில் போட்டு விற்கும் தனியார் நிறுவனங்கள் நிறைய. அமெரிக்க நாணயச்சாலை தானே நிறமிட்டு விற்ற முதல் காசு 2020இன் கூடைப்பந்து நினைவுக் காசு. அதனால் கடையில் காணும் நிறமிட்ட ஈகிளும், 3இல் சொன்ன தேசியப் பூங்காக் கால் டொலரின் வண்ணப் பதிப்பும் வெளியாளின் கைவேலை.

பாண்டாவில் இது இன்னும் குழப்பம். சீனா 1990களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் அதிகாரபூர்வமாகவே வண்ணப் பாண்டா வெளியிட்டது. அதே பாண்டாவை வெளியார் நிறமிட்டதும் சந்தையில் ஏராளம். நாணயச்சாலையின் பட்டியலில் அந்த ஆண்டு, அந்த எடை, வண்ணப் பதிப்பு என்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழில் கையொப்பமிட்டது நாணயச்சாலையா, விற்பனையாளரா என்றும் பாருங்கள். பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் நிறத்தின் விளிம்பு உருவத்தின் கோட்டை விட்டு வழிந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

வெளியார் நிறத்தை ஒழுங்கான சேகரிப்பாளர்கள் சேதம் என்றே கணக்கெடுப்பார்கள். அழகுக்காக வாங்குவது உங்கள் விருப்பம், விலையை மட்டும் சாதாரண வெள்ளிக் காசின் விலையோடு ஒப்பிட்டுப் பேசுங்கள்.

7. "அண்ணா, நேரா கேக்கிறேன். இதை வாங்கி வச்சா பத்து வருசத்துல லாபம் வருமா?"

வண்ணக் காசில் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று வெள்ளி, அதற்குத் தினமும் சந்தை விலை உண்டு. மற்றது படமும் பெட்டியும், அதற்கு உங்களைப் போல இன்னொருவர் ஆசைப்பட்டால்தான் விலை. வாங்கும்போது இரண்டுக்கும் பணம் கொடுக்கிறீர்கள். விற்கும்போது பெரும்பாலும் முதலாவதற்கு மட்டும்தான் கிடைக்கும். காசின் விலையை எடையால் பிரித்து, அன்றைய வெள்ளி கிராம் விலையோடு வைத்துப் பாருங்கள். மீதி எவ்வளவோ அவ்வளவும் படத்துக்குக் கொடுத்தது. அந்தத் தொகை திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று மனம் சொன்னால் வாங்குங்கள்.

வெள்ளியும் நேராக ஏறுகிற ஒன்றல்ல. 2011 ஏப்ரலில் அவுன்ஸ் 50 டொலரை நெருங்கியது. 2015 முடிவில் 14 டொலருக்கும் கீழே கிடந்தது. மறுபடி ஏறி 50ஐத் தாண்ட 2025 ஒக்டோபர் ஆயிற்று. நம்மூரில் பலர் "2022இல் என் காசு விலை ஏறிவிட்டது" என்கிறார்கள். அந்த ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. ஏறியது காசல்ல, ரூபா இறங்கியது. வங்கியில் டொலராக வைத்திருந்தவருக்கும் அதே இலாபம் வந்தது.

8. "செட்டியார் தெருவுல குடுத்தா எடுப்பாங்களா?"

அங்குள்ள சில நகைக்கடைகள் எடுக்கும், வெள்ளி எடைக்கு. படத்துக்கு ஒரு சதமும் இல்லை, அது அவர்களின் வியாபாரமும் அல்ல. நிறம் உருக்கும்போது எரிந்துபோகும், அதற்கென்று சேதாரம் கழிப்பார்கள். 925 காசு என்றால் செம்புப் பங்கையும் கழிப்பார்கள். அவசரத் தேவைக்கு அது வழி. படத்துக்கும் விலை வேண்டுமென்றால் இன்னொரு சேகரிப்பாளரைத்தான் தேட வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும்.

9. "மொத்தம் 2000தான் அடிச்சவை எண்டு போட்டிருக்கு. அப்ப அரிதுதானே?"

பெட்டியில் போடுவது உச்ச வரம்பு. அவ்வளவும் அடிக்கப்பட்டு விற்றதா என்பது வேறு. எண்ணிக்கை குறைவு என்பதால் மட்டும் அரிதாகாது, தேடுகிறவர்கள் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரே கருப்பொருளில் இருபது காசு, ஒவ்வொன்றும் 2000 என்று வெளியிட்டால் வாங்குபவர்தான் அரிது. 1970களில் உலக வனவிலங்கு நிதியத்துக்காக வெளியான பாதுகாப்புக் காசுகளைப் பாருங்கள். நேபாளத்தின் சிவப்புப் பாண்டா, பாகிஸ்தானின் முதலை எல்லாம் அதில் உண்டு. நிறமே கிடையாது, பெட்டியும் சாதாரணம். இன்றைக்கும் தேடுகிறார்கள்.

10. "வெளிநாட்டிலயிருந்து எடுப்பிச்சா கஸ்டம்ஸில மாட்டுமோ?"

காசு என்று உண்மையாக எழுதி, விலைப்பட்டியலோடு வந்தால் சிக்கல் குறைவு. பரிசு, பொத்தான், பதக்கம் என்று மாற்றி எழுதச் சொன்னால்தான் மாட்டும். சுங்கத் தீர்வைப் பட்டியலில் காசுகள் 7118 தலைப்பில் வரும், நாணயவியல் சேகரிப்புப் பொருட்கள் 9705இல். எதன் கீழ் வகுப்பது என்பதை முடிவு செய்வது சுங்க அதிகாரி. ஓடர் போடும் முன் இரண்டு தலைப்பின் வரியையும் சுங்கத் திணைக்கள இணையத்தளத்தில் பார்த்து, கூடியதையே கணக்கில் வையுங்கள். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அனுப்பும் வழி முக்கியம். சர்வதேசத் தபால் விதிகளின்படி காசையும் விலைமதிப்புள்ள உலோகத்தையும் சாதாரணக் கடிதப் பொதியில் போடக் கூடாது, பெறுமதி அறிவித்த காப்புறுதிப் பொதியில்தான். பல கூரியர் நிறுவனங்கள் காசையே ஏற்பதில்லை. விற்பனையாளர் மலிவு வழியில் அனுப்பி, பொதி தொலைந்தால் யாரிடமும் கேட்க முடியாது. ஊருக்கு வருகிற உறவினரிடம் கொடுத்துவிடுவதானால், அவருடைய கையில் பற்றுச்சீட்டும் இருக்கட்டும்.

11. "காசு கறுத்துப் போச்சு. அம்மா திருநீறு போட்டு மினுக்கித் தாறன் எண்டுறா. குடுக்கலாமோ?"

கொடுக்காதீர்கள். குத்துவிளக்குக்குப் புளியும், வெள்ளிச் செம்புக்குத் திருநீறும் நல்லதுதான். காசில் தேய்த்தால் மெல்லிய கோடுகள் விழும், அவை அழியாது. பற்பசையும் அப்படித்தான். கறுப்பு என்பது வெள்ளி காற்றில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் படலம். நிறமற்ற காசில் அது சீராகப் படர்ந்தால் அதையே விரும்பி வாங்குபவர்களும் உண்டு.

வண்ணக் காசில் வேறோர் ஆபத்து. நகைக்கடைகளில் விற்கும் வெள்ளி கழுவும் திரவம் நிறத்தைத் தின்னக்கூடும். அசிற்றோன், நெயில் பொலிஷ் அகற்றி, தின்னர் எதுவும் கிட்டவே போகக் கூடாது, நிறம் கரைந்துவிடும். பால்போல் வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது தயாரிப்பின்போதே வந்த குறை. தூய வெள்ளியில் அடிக்கடி நடக்கும், எதைப் போட்டாலும் ஒழுங்காகப் போகாது. விட்டுவிடுங்கள்.

12. "கடற்கரைப் பக்கம் வீடு. எல்லாச் சாமானும் துருப்பிடிக்குது. காசை எங்க வைக்கிறது?"

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, முகத்துவாரம் எல்லாவற்றுக்கும் பொதுவான தொல்லை ஈரம்தான். காசு அதன் அளவுக்கு ஏற்ற கடினமான அக்ரிலிக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தக் கூடுகளை மூடியிறுகும் ஒரு பெட்டிக்குள் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பைகளும், வெள்ளி கறுக்காமலிருக்க விற்கும் தாள்துண்டும் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை மழைக்காலத்தில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடல் பக்கச் சுவரோடு ஒட்டிய அலுமாரி வேண்டாம்.

கூட வைக்கக் கூடாதவை: இறப்பர் வளையம், பழைய பத்திரிகைத் தாள், மட்டைப்பெட்டி. இவற்றில் கந்தகம் உண்டு. மெதுமையான, மணக்கிற பிளாஸ்ரிக் உறைகளும் கூடாது. பி.வி.சி. உறை நாளடைவில் பச்சைப் பிசினைக் கக்கும். சாதாரணக் காசில் அதை அசிற்றோனால் எடுக்கலாம், வண்ணக் காசில் 11இல் சொன்ன காரணத்தால் அதுவும் முடியாது. சாரிக்குள் போடும் பூச்சி உருண்டைகளின் ஆவி சில பிளாஸ்ரிக்குகளை இளக்கும். அம்மாவின் சாரி அலுமாரி பாதுகாப்பானதுதான், ஆனாலும் வேறு தட்டு பாருங்கள்.

13. "ஷோகேசில வச்சா கலர் மங்குமா?"

நேர் வெயில் படும் இடத்தில் மங்கும். அச்சு மை எந்த மையையும் போல்தான். பார்வைக்கு வைக்க வேண்டுமென்றால் வெயில் வராத சுவரில், எல்.ஈ.டி. விளக்கில் வையுங்கள்.

14. "பெட்டியும் சேர்ட்டிபிகேட்டும் இல்லாம அரை விலைக்குத் தாறாங்க. எடுக்கலாமா?"

நிறமற்ற வெள்ளிக் காசு என்றால் எடுக்கலாம், எடையும் அளவும் பார்த்துவிட்டு. வண்ணக் காசில் பெட்டியும் சான்றிதழும்தான் 6இல் சொன்ன வேறுபாட்டை நிறுவும் சாட்சி. அவை இல்லையென்றால் வெள்ளி எடை விலைக்கு மேல் நான் கொடுப்பதில்லை. கூடவே, சான்றிதழைப் போலியாக அச்சிடுவது காசை அடிப்பதை விட இலகு என்பதையும் நினைவில் வையுங்கள்.

15. "அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடிங் செய்யணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். காசின் தரத்தை மதிப்பிட்டுக் கூட்டில் மூடித் தரும் அமெரிக்க நிறுவனங்களான பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. இரண்டும் 70 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுகின்றன. நவீன ப்ரூஃப் காசுகளில் 69உம் 70உம் தாராளமாகக் கிடைக்கும். போக வர அனுப்பும் செலவும் காப்புறுதியும் கட்டணமும் சேர்த்தால் பல காசுகளின் விலையே அவ்வளவுதான். வாங்கும்போதே மதிப்பிட்ட கூட்டில் வந்தால் நல்லது.

16. "மகளுக்குப் பத்து வயசு. மிருகம் எண்டா உயிர். எதில தொடங்க?"

வெள்ளியில் தொடங்க வேண்டாம். மத்திய வங்கி 2013 ஆண்டிட்டு வெளியிட்ட 25 மாவட்டங்களின் 10 ரூபாக் காசுகளைத் தேடிச் சேர்க்கச் சொல்லுங்கள். வரைபடத்தை விரித்து எந்தக் காசு எந்த மாவட்டம், அங்கே எந்தச் சரணாலயம் என்று அவளே எழுதட்டும். வில்பத்து எங்கே, குமண எங்கே என்று பாடப்புத்தகம் இல்லாமலே தெரிந்துவிடும். கூடவே 4இல் சொன்ன நோட்டுகளில் பறவை தேடலாம். ஆர்வம் நின்றால் நட்டம் 250 ரூபாவுக்கு மேல் போகாது. தொடர்ந்தால் பிறந்தநாளுக்கு அரை அவுன்ஸ் கடல்வாழ் உயிரினக் காசு ஒன்று வாங்கிக் கொடுங்கள், கூட்டிலிருந்து எடுக்காமல்.

17. "தம்பி, இதுக்கும் ஸகாத் ஈக்குதா?"

மார்க்கத் தீர்ப்பை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், நான் சொல்லக் கூடாது. கணக்கில் மட்டும் உதவலாம். வெள்ளியின் நிசாபை, அதாவது ஸகாத் கடமையாகும் குறைந்த அளவை, 595 கிராம் என்றும் 612 கிராம் சொச்சம் என்றும் இரண்டு விதமாகக் கணிக்கிறார்கள். தூய வெள்ளி ஒரு அவுன்ஸ் காசுகள் என்றால் எந்தக் கணக்கில் பார்த்தாலும் இருபதாவது காசில் வரம்பைத் தாண்டிவிடும். 925 காசு இருந்தால் அதன் எடையை 0.925ஆல் பெருக்கிச் சேருங்கள். வீட்டில் இருக்கும் நகையும் பணமும் சேருமா, படத்துக்குக் கொடுத்த மேல்விலை கணக்கில் வருமா என்பதை அவரிடம் இந்தக் குறிப்போடு போய்க் கேட்டால் நேரம் மிச்சம்.

18. "செட்டா இருந்தாத்தான் விலை எண்டு சொல்லுறாங்க. ஒண்டு மட்டும் இல்லை. அந்த ஒண்டை என்ன விலை குடுத்தும் வாங்கவா?"

விற்பவர் உங்களிடம் இல்லாதது எது என்று அறிந்தவுடனேயே விலை ஏறும், அதனால் முதலில் அதைச் சொல்லாதீர்கள். ஒரே பெட்டியில் ஒரே இலக்கத்தோடு வந்த தொகுதி என்றால் முழுமைக்கு மதிப்பு உண்டு. தனித்தனியாக வாங்கிக் கோர்த்த வரிசைக்கு அந்தக் கூடுதல் விலை பெரும்பாலும் வராது. வாங்க வருபவருக்கு ஏற்கெனவே பாதி இருக்கும், மீதியைத்தான் கேட்பார். இடத்தை வைத்துச் சேர்ப்பவருக்கு இந்தத் தலையிடி குறைவு. நாணயச்சாலை போட்ட பட்டியலை அவர் பின்பற்றத் தேவையில்லை.

19. "வெளியாள் கலர் அடிச்ச ஈகிள் எண்டு சொல்லிட்டீங்களே. அசிற்றோன்ல ஊற வச்சு கலரைக் கழட்டினா பழைய விலைக்கு வந்துடுமா?"

11இல் எச்சரித்ததையே இப்போது வேண்டுமென்று செய்யக் கேட்கிறீர்கள். பல மைகள் கழன்றுவிடும், சில கழலாது. கழன்றாலும் நிறம் இருந்த இடத்தில் மேற்பரப்பு மங்கலாகவோ வேறு பளபளப்பாகவோ தெரியும். சில நிறுவனங்கள் மை பிடிப்பதற்காக அச்சிடும் முன்பே அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கியிருக்கும். நிறமிட்ட காசாக இருந்தது, கழுவிய காசாக மாறும், சந்தையில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதைதான். வெள்ளி எடை குறையாது. அந்த எடைக்கு எடுப்பவர்கள் யார் என்பது 8இல் இருக்கிறது, அவர்களுக்குக் கழுவிக் கொண்டுபோக வேண்டிய அவசியமும் இல்லை.